சோளப்பாம்பும் நண்டுக்கறியும்

என் கணவருக்கு ஐம்பத்தொன்பதாவது வயதில் பாம்பு வளர்க்கும் ஆசை வந்தது. மற்ற வீடுகளில் இந்த வயதில் ஆண்களுக்குச் சங்கத் தலைவராகும் ஆசை வரும், அல்லது தலைக்குக் கறுப்பு அடிக்கும் ஆசை வரும். எனக்கு வாய்த்தவருக்குப் பாம்பு.

இவர் பெயர் பென்ஜமின், மன்னார்க்காரர். டோர்ட்மண்டில் பொதிகள் பிரிக்கும் நிலையம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஓடும் பட்டிக்கு முன்னால் நின்று வேலை செய்தவர். பட்டி ஓடுகிற வேகத்துக்கு இவரும் ஓட வேண்டும். போன வருடம் முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுக்க, நேரத்தோடு ஓய்வூதியத்தில் அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஒரே மகன் லூக்காஸ் பிராங்பேர்ட்டில் வேலை செய்கிறான். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும். இவர் யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு வீதியைப் பார்த்தபடி இருப்பார். நான் வேலையால் வரும்போதும் அதே கதிரை, அதே வீதி. "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டால் "ஓம்" என்பார். சட்டியைத் திறந்தால் காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும். 

அப்பாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று லூக்காஸ்தான் தொலைபேசியில் சொன்னான். நாய் வாங்கலாம் என்றான். நாயோ பூனையோ இருக்கிற வீட்டுக்குள் கால் வைத்தாலே எனக்குத் தும்மல் பிடித்து முகம் வீங்கிவிடும். கிளி வளர்க்கலாம் என்றால், முன்பு ஒரு சோடி வளர்த்து, மேல்மாடிக்காரர் சத்தம் பொறுக்காததால் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டோம். கடைசியில் மீன் என்றான்.

"மீனைத் தொட்டிக்குள்ள பாத்தால் எனக்குக் குழம்புதான் ஞாபகம் வரும்" என்று இவர் சொல்லிவிட்டார். மன்னாரில் பிறந்த மனிதரிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்?

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முதுகுப் பயிற்சிக்குப் போய் வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து நின்றார்.

"கொறற்றி, நான் இண்டைக்கு ஒரு பாம்பைத் தூக்கினனான்."

"பாரம் தூக்கக் கூடாதெண்டு டொக்ரர் சொன்னவரெல்லோ?" என்றேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன், அரைக்காதுதான் கொடுத்தேன். பிறகுதான் கத்தி நின்றது. "என்னத்தைத் தூக்கினனீங்கள்?"

பயிற்சி கொடுக்கும் மனிதர் தன் வீட்டின் பின்னறையில் சோளப்பாம்பு என்ற நஞ்சில்லாத இனத்தை வளர்க்கிறாராம். இவர் கேட்க, கையில் கொடுத்திருக்கிறார்.

"கையில சுத்திக்கொண்டு சும்மா இருந்ததப்பா. முப்பத்தொரு வருசமா ஆரோ ஒராள் என்னை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தவர். அது என்னை அவசரப்படுத்தேல்லை."

அன்று அரை மணித்தியாலம் விடாமல் கதைத்தார். அந்தப் பாம்பு என்ன நிறம், எப்படி நாக்கை நீட்டியது, தோல் எப்படிக் குளிராமல் வழவழவென்று இருந்தது. கதைத்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "எங்கட வீட்டுக்கும் ஒண்டு" என்று அவர் வாயெடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கென்ன விசரே? அங்க பாருங்கோ." வரவேற்பறை அலுமாரியின் மேல் இருக்கிற மாதா சொரூபத்தைக் காட்டினேன். "மாதா காலுக்குக் கீழ எதை மிதிச்சுக்கொண்டு நிக்கிறா?"

"அந்தப் பாம்பு பிசாசு" என்றார் இவர் அமைதியாக. "இது சோளப்பாம்பு."

ஒரு கிழமை சண்டை பிடித்தேன். அவர் திரும்பச் சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன். அவரோ நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். யன்னலோரக் கதிரை முதல்முறையாக மேசைப்பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பார்த்தபிறகு என்னால் பழைய வேகத்தில் கத்த முடியவில்லை. சம்மதம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. "போறதெண்டால் நானும் வாறன், தனிய விட்டால் ஆளை விழுங்கிற சாமானோட வந்து நிப்பியள்" என்று மட்டும்தான் சொன்னேன்.

டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் ஹம் நகரம். அங்கே ஊர்வன விற்கும் சந்தை நடக்கும். ஒரு சனிக்கிழமை போனோம். மண்டபம் நிறைய நீளமான மேசைகள். தமிழ்க் கடையில் பலகாரம் அடுக்கி வைத்ததுபோல மேசைக்கு மேசை மூடி போட்ட சின்னப் பெட்டிகள். உள்ளே பலகாரம் இல்லை என்பதுதான் வித்தியாசம். நான் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, இவருக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன்.

முதலாவது மேசையிலேயே ஒரு பெரிய பாம்பில் ஆள் மயங்கிவிட்டார். போவா இனமாம். என் முழங்கைத் தடிப்பில் இருந்தது. இன்னும் வளருமா என்று நான் கேட்டேன். விற்கிறவர் பெருமையோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், பிறகு அது போதாமல் பக்கத்தில் நின்றவரையும் கையை விரிக்கச் சொன்னார். நான் இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு வரிசை தள்ளி ஒரு மேசையில் தலை நரைத்த ஒரு பெண் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். பெயர் பீர்கிட். முப்பது வருடமாகப் பாம்பு வளர்ப்பவராம். இதுதான் முதல் பாம்பு என்று இவர் சொன்னதும் பின்னலைக் கீழே வைத்துவிட்டு எங்களை இருத்தினார். எவ்வளவு இடம் இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, முதுகு எப்படி, இருபது வருடம் பார்த்துக்கொள்ள மனமுண்டா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். எனக்குக் கலியாணம் பேசும்போதுகூட எங்கள் வீட்டில் இவரிடம் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

பீர்கிட்டிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று, பந்துபோலச் சுருண்டு கிடக்கும் ராசமலைப்பாம்பு. மலைப்பாம்புக் கூட்டத்தில் சின்னது, சாது, அசையவே மாட்டாது. இவருக்கு அதில்தான் கண். மற்றது சோளப்பாம்பு. மெலிந்த உடம்பு, செம்மஞ்சள் நிறம், ஓயாமல் சுற்றித் திரியும். இரண்டுக்கும் நஞ்சில்லை.

"நல்லாச் சாப்பிடுமோ எண்டு கேளுங்கோ" என்று நான் பின்னாலிருந்து சொன்னேன்.

இவர் ஜெர்மனில் கேட்டார். பீர்கிட் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ராசமலைப்பாம்பு நல்ல பாம்புதான், ஆனால் சிலவேளை காரணமே இல்லாமல் சாப்பாட்டை மறுத்துவிடும், மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் புதிதாக வளர்ப்பவர்கள் பயந்து போவார்கள் என்றார்.

"அது வேண்டாம்!" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "சாப்பிடாமல் அடம் பிடிக்கிற ஒராளை வீட்டில வச்சுக்கொண்டு நான் படுறது காணும். இன்னொண்டு என்னால ஏலாது."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். பீர்கிட்டுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருக்க வேண்டும். ஒரு சோளப்பாம்பின் பெட்டியை முன்னால் தள்ளினார். இரண்டு வயதுப் பெண் பாம்பு. கூடவே ஒரு அட்டை: அது சாப்பிட்ட ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதியிருந்தது. ஒரு வேளையும் தப்பவில்லை. குஞ்சுகள் சிலவேளை சாப்பிடாமல் அடம் பிடிக்கும், முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு இப்படிச் சாப்பிட்டுப் பழகிய ஒன்றுதான் நல்லது என்று பீர்கிட் சொன்னார். நான் அந்த அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தேன். லூக்காசின் பள்ளிக்கூட அறிக்கைகளைக்கூட நான் அவ்வளவு திருப்தியோடு படித்ததில்லை.

"இது சரி" என்றேன். அப்படிச் சொன்னது நான்தான் என்பது வெளியே வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது.

ஆனால் பீர்கிட் அன்றைக்குப் பாம்பைத் தரவில்லை. முதலில் கண்ணாடிக் கூட்டை வாங்கிப் பூட்டுப் போட்டு, விளக்குப் போட்டு, இரண்டு கிழமை சூடு ஒரேயளவாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உறைந்த எலி வாங்கி வைக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வர வேண்டும். பாம்பு வீட்டுக்கு வந்தபிறகு ஒரு கிழமை சாப்பாடு கொடுக்காமல், தொடாமல், தனியே விட வேண்டும்.

"வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஏழு நாள் சாப்பாடு இல்லையோ?" என்று நான் கேட்டேன். இவர் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

தமிழ்க் கடையில் மீன் வாங்கக் கொண்டுபோகும் குளிர்ப்பைக்குள் ஒரு பக்கெற் உறைந்த எலியோடு வீடு வந்தோம். கதவடியிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

"என்ர பிறீசருக்குள்ள எலி என்ர கண்ணில பட்டால், எலியையும் உங்களையும் சேர்த்து வெளியில வைப்பன்."

"உன்ர கண்ணில படாது" என்றார் இவர். அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் விட்டார். எல்லா வினையும் அதிலிருந்துதான் தொடங்கியது.

என் பிறீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐஸ்கிறீம் தின்று முடிந்த பெட்டியை எறிகிற குணம் எங்கள் ஆட்களிடம் இல்லை. என் பிறீசருக்குள் பதினைந்து இருபது ஐஸ்கிறீம் பெட்டி இருக்கும், ஒன்றிலும் ஐஸ்கிறீம் இருக்காது. வனிலாப் படம் போட்டதில் நண்டுக்கறி. சொக்கலேற் படத்தில் ஆட்டிறைச்சி. ஸ்ட்ரோபெரியில் கணவாய். பேர் எழுதி ஒட்டுவதெல்லாம் ஜெர்மன்காரர் பழக்கம், எனக்குப் படம் போதும். அன்று இவர் எலிப் பக்கெற்றை என் கண்ணில் படாமல் வைக்க ஒரு வெற்றுப் பெட்டியைத் தேடி எடுத்துப் போட்டு மூடியிருக்கிறார். வனிலாப் பெட்டி.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரி பிறவ் லோமான், அதாவது திருமதி லோமான், கீழ்த்தளத்தில் இருக்கிறார். எழுபத்துநான்கு வயது, தபாற் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நேரான மனுசி. பதினான்கு வருடத்துக்கு முன் நாங்கள் குடிவந்த முதல் மாதம் நண்டுக்கறி கொடுத்தேன். பெட்டியைக் கழுவித் துடைத்து வெறுமையாகத் திருப்பித் தந்தார். எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னேன், பகிடிக்குத்தான். அவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் பெட்டி ஒருநாளும் வெறுமையாக வந்ததில்லை. தோட்டத்து ஆப்பிள் வரும், பிளம்ஸ் கேக் வரும். ஒருமுறை வீட்டில் ஒன்றும் இல்லாமல் நான்கு பற்றறி போட்டுத் தந்தார்.

வாடகை ஒப்பந்தத்தில் விலங்கு வளர்ப்பதற்கு எழுத்து அனுமதி வேண்டும் என்று இருந்தது. இவர் போய்க் கேட்க, "சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து பார்க்கிறேன்" என்று பிறவ் லோமான் நாளும் நேரமும் குறித்துத் தெர்மின் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் ரோல்ஸ் பொரித்தேன், பற்றிஸ் சுட்டேன். இவர் வெள்ளைச் சேட்டு அணிந்து, குறிப்புக் கொப்பியோடு, பாம்பில்லாத கூட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கிழமையாக அந்த வெறும் கூட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இவர் மணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். பிறவ் லோமான் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். எத்தனை மீற்றர் வளரும், தப்பி ஓடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மாதா சொரூபத்தையும் அவள் காலடியையும் ஒருகணம் பார்த்தார். நான்கு ரோல்ஸ் சாப்பிட்டார்.

"யோசித்து எழுத்தில் தருகிறேன்" என்று எழும்பினார்.

விருந்தாளி வெறுங்கையோடு படியிறங்குவது என் வீட்டில் நடக்காது. பிறீசரைத் திறந்தேன், கீழ் அடுக்கிலிருந்து வனிலாப் பெட்டியை எடுத்தேன், பைக்குள் போட்டுக் கையில் கொடுத்தேன்.

"உங்களுக்குப் பிடித்ததுதான். நாளைக்கு மத்தியானம் சூடாக்கினால் போதும்."

"நாளை என் தங்கையும் வருகிறாள்" என்று அவர் மகிழ்ந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து, எங்களுக்கும் நண்டு எடுப்போம் என்று பிறீசரைத் திறந்தேன். இவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"வனிலாப் பெட்டி ரெண்டெல்லோ இருந்தது? மற்றது எங்க?"

"நேற்று பிறவ் லோமானுக்குக் குடுத்தனான்."

"மேல் அடுக்கில இருந்ததையோ, கீழ் அடுக்கில இருந்ததையோ?"

"கீழ. ஏன்?"

இவர் கதிரையில் இருந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. "கொறற்றி, அதுக்குள்ளதான் எலி."

பூசைச் சேலையோடு, செருப்பில்லாமல் படியால் ஓடினேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அப்படி ஓடக் கூடாது. மணி அடிக்க முதலே கதவு திறந்தது. பிறவ் லோமான் கையில் கரண்டியோடு நின்றார். பின்னால் மேசையில் இரண்டு தட்டு, நடுவில் மூடி திறந்த என் பெட்டி. வருவதாக இருந்த தங்கையைக் காணவில்லை.

"பிறவ் பென்ஜமின்" என்றார். என்னை என் கணவர் பெயரால்தான் அவர் கூப்பிடுவார். "பதினான்கு வருடத்தில் நீங்கள் தந்த எதையும் நான் மறுத்ததில்லை. கணவாயைக்கூடச் சாப்பிட்டேன். ஆனால் இதற்கு வால் இருக்கிறது."

 இது பாம்பின் சாப்பாடு, மாறிப் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"என் தங்கை சாப்பிடாமலே ரயிலுக்குப் போய்விட்டாள். பாம்பு வருவதற்கு முன்பே இப்படி என்றால், வந்தபிறகு என்ன நடக்கும்? வேண்டாம். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்."

கதவு சாத்திக்கொண்டது. திரும்பினால் இவர் நடுப்படியில் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

மேலே போய் இவர் கூட்டுக்கு முன்னால் நின்றார். பிறகு விளக்கை அணைத்தார். வெப்பமானி எழுதிய கொப்பியை மூடிவைத்தார்.

"உனக்கு முதல்ல இருந்தே விருப்பமில்லை" என்றார், கோபமே இல்லாமல். "என்னட்டை நேர சொல்லியிருக்கலாம்."

"நான் வேணுமெண்டு செய்தனான் எண்டோ நினைக்கிறியள்?"

"நான் ஒண்டும் நினைக்கேல்லை, விடு."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். இவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி யன்னலடியில் போட்டார்.  ஒரு கிழமை முழுக்கப் பாம்பு வேண்டாம், வேண்டாம் என்று வீடு அதிரக் கத்தியவள் நான். இப்போது உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்? திங்கட்கிழமை சட்டி திறந்தேன், வைத்தது வைத்தபடி. செவ்வாயும் அப்படித்தான்.

புதன்கிழமை இவர் முதுகுப் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து, புதிதாக வாங்கிவந்த நண்டைக் கறி வைத்தேன். வனிலாப் பெட்டி ஒன்றில் போட்டேன். இந்தமுறை மூடி போடாமல், உள்ளே இருப்பது தூரத்திலேயே தெரியும்படி பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். பிறவ் லோமான் கதவைத் திறந்து முதலில் பெட்டிக்குள்ளே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றபடி தொடங்கினேன்.

அது குரைக்காது, மணக்காது, நஞ்சில்லை என்றேன். ஒன்றரை மீற்றருக்கு மேல் வளராது என்றேன். கூட்டுக்குப் பூட்டு இருக்கிறது, திறப்பு என் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு தொங்கும் என்றேன். பீர்கிட் சொன்னது, இவருடைய கொப்பியில் நான் களவாகப் பார்த்தது எல்லாவற்றையும் என் குசினி ஜெர்மனில் கொட்டினேன். எலிக்குத் தனியாக ஒரு குட்டிப் பிறீசர் வாங்கி நிலக்கீழறையில் வைப்போம் என்றேன். இடையில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏதோ என் பிள்ளைக்குப் பள்ளிக்கூட அனுமதி கேட்பதுபோல நின்று கதைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குப் பாம்பு பிடிக்குமா?" என்று பிறவ் லோமான் நடுவில் கேட்டார்.

"இல்லை. எனக்குச் சரியான பயம்" என்றேன். அதோடு அழுகை வந்துவிட்டது. "ஆனால் அவர் பாம்பைப் பற்றிக் கதைத்த அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான். இப்போது திரும்பவும் சாப்பிடுகிறார் இல்லை. பெட்டியை மாற்றித் தந்தது நான். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை."

பிறவ் லோமான் பெட்டியை வாங்கிக்கொண்டார். "யோசிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான்.

வியாழன் போனது. வெள்ளி போனது. நான் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிடைக்காத ஒன்றுக்கு மறுபடி ஆசை காட்டி ஆளை இன்னும் நோகடிக்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்த இவர் ஐஸ்கிறீம் பெட்டியோடு உள்ளே வந்தார். வாசல் கால்மிதியில் வைக்கப்பட்டிருந்ததாம். காதருகே பிடித்துக் குலுக்கிப் பார்த்தார்.

"பாரமில்லை. வெறும் பெட்டி போல."

 பதினான்கு வருடத்தில் பிறவ் லோமான் வெறும் பெட்டி அனுப்பியதில்லை. பாம்பும் போய், அந்த மனுசியின் உறவும் போய்விட்டது என்று நினைத்தேன். இவர் மூடியைத் திறந்தார். உள்ளே நான்காய் மடித்த ஒரு கடிதம் இருந்தது.

இவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார். தட்டச்சில் அடித்திருந்தது. ஒரு சோளப்பாம்பு வளர்க்க இத்தால் அனுமதிக்கிறேன். ஒன்று மட்டும். கூடு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். அதன் உணவு, மனிதர் உணவு வைக்கும் எந்தப் பெட்டியிலும் வைக்கப்படக் கூடாது. கீழே கையொப்பம். அதற்கும் கீழே பேனையால் சில வரிகள் இருந்தன. அந்த இடத்தில் இவருடைய குரல் மெதுவாகியது.

"உங்கள் மனைவிக்குப் பாம்பென்றால் பயம். அப்படியிருந்தும் புதன்கிழமை என் வாசலில் நாற்பது நிமிடம் நின்று அதற்காக வாதாடினார். என் கணவர் நாற்பத்தாறு வருடத்தில் எனக்காக நான்கு நிமிடம் வாதாடியதில்லை. நண்டு அருமை."

இவர் அதை இரண்டாம் முறை வாயசையாமல் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நாப்பது நிமிசமோ?"

"ஓம். காலும் நொந்தது."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ? நேர சொல்லியிருக்கலாம் எண்டு தீர்ப்பும் சொல்லிப்போட்டு யன்னலடியில போய் இருந்தனீங்களெல்லோ?"

"பிழை என்னிலதான், கொறற்றி. நான் அப்பிடி நினைச்சிருக்கக் கூடாது."

"மன்னிப்பைப் பிறகு ஆறுதலாக் கேளுங்கோ" என்றேன். என் குரலும் உடைந்துவிடும் போலிருந்தது, அதனால் கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். "முதல்ல அந்த லைற்றைப் போடுங்கோ. கூடு குளிர்ந்து கிடக்குதெல்லோ."

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை பீர்கிட் வீட்டுக்குப் போய்ப் பாம்பைக் கூட்டிவந்தோம். ஏழு நாள் இவர் கூட்டுக்குக் கிட்டப் போகாமல் பொறுமையாக இருந்தார். பொறுக்க ஏலாமல் தவித்தது நான்தான். கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பேன். மரக்கட்டைக்குக் கீழே செம்மஞ்சளாக ஒரு வளைவு தெரியும். பாவம், பட்டினி என்று நினைத்துக்கொண்டு போவேன். நாட்காட்டியில் நாளைக் கணக்குப் பார்த்து, எட்டாம் நாள் காலையில் "இஞ்சாருங்கோ, இண்டைக்குக் குடுக்கலாம்" என்று எழுப்பியதும் நான்தான்.

எலி இளகி முடிய மத்தியானமாகிவிட்டது. இவர் நீளமான இடுக்கியால் அதைப் பிடித்து நீட்டினார். நான் வாசற்படியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பாம்பு நாக்கை நீட்டியது, யோசித்தது, பிறகு ஒரே பாய்ச்சல். கொஞ்ச நேரத்தில் வால்கூட மிச்சமில்லை. இவர் அட்டையில் தேதி போட்டார். நான் உடனே லூக்காசுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, சாப்பிட்டிட்டுது!"

"ஆர், அப்பாவோ பாம்போ?" என்றான் அவன்.

திரும்பிப் பார்த்தேன். இவர் கை கழுவிவிட்டுக் குசினி மேசையில் வந்து இருந்து, தானே தட்டெடுத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் பாத்திரம் கழுவச் சட்டியைத் திறந்தேன். அடி தெரிந்தது.